வீடு புகுந்தவனைச் சுடலாமா?

1999 ஆகஸ்ட் 20-ஆம் தேதி இரவு. இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில், எம்னெத் ஹங்கேட் என்ற சிற்றூரின் ஒதுக்குப்புறத்தில் ஒரு பழைய பண்ணை வீடு. அதன் பெயர் ‘ப்ளீக் ஹவுஸ்’. டோனி மார்ட்டின் என்ற 54 வயது விவசாயி அங்கே தனியாக வசித்துவந்தார். அன்றிரவு இருவர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தனர். ஒருவருக்கு 29 வயது. மற்றவருக்கு 16 வயதுதான். இருட்டில் மார்ட்டின் தன் துப்பாக்கியால் மூன்று முறை சுட்டார். மூத்தவர் கால்களில் காயத்தோடு தப்பித்து அக்கம்பக்கத்து வீடொன்றில் தஞ்சமடைந்தார். சிறுவனின் முதுகில் குண்டு பாய்ந்திருந்தது. ஜன்னல் வழியே வெளியேறிய அவன் தோட்டத்தில் விழுந்து இறந்தான். அவனது உடல் மறுநாள்தான் கண்டெடுக்கப்பட்டது.

கால் நூற்றாண்டு கடந்த பிறகும் இந்த வழக்கைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. 2025 பிப்ரவரியில் மார்ட்டின் தமது 80-ஆவது வயதில் காலமானபோது, பிரிட்டன் நாளேடுகள் பழைய கேள்வியை மீண்டும் எழுப்பின: அவர் தன் வீட்டைக் காத்த குடியானவரா, ஒரு சிறுவனைக் கொன்ற குற்றவாளியா?

இந்தக் கேள்வி அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நள்ளிரவில் கதவு உடைபடும் ஓசை கேட்டுக் கண்விழிக்கும் எவருக்கும், எந்த ஊரிலும், அது ஒரே அச்சத்தைத்தான் தருகிறது. நம் ஊர்களில் நடைபெறும் கொள்ளைச் சம்பவங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ‘திருடனை அடித்துக் கொன்றால் நம்மீதுதானே வழக்கு வரும்?’ என்று கேட்பவர்களை நான் பார்க்கிறேன். ‘வீட்டுக்குள் வந்தவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று உறுதியாகச் சொல்பவர்களையும் பார்க்கிறேன். இரண்டுமே முழு உண்மை அல்ல. சட்டம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அது எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதை மார்ட்டின் வழக்கின் துணையோடு விளக்க முயல்கிறேன்.

ஜூரி கண்டதும் மக்கள் கண்டதும்

மார்ட்டினின் தரப்பு எளிமையானது. பலமுறை தன் வீட்டில் திருட்டு நடந்ததாகவும், காவல் துறை தன்னைக் காப்பாற்றவில்லை என்றும் அவர் கூறினார். ஓசை கேட்டு எழுந்துவந்ததாகவும், கண்ணில் விளக்கொளி பாய்ந்ததும் அஞ்சிச் சுட்டதாகவும் சொன்னார். கிராமப்புற இங்கிலாந்தில் காவல் நிலையங்கள் குறைந்துவந்த காலம் அது. எனவே அவரது சொற்கள் பலரது மனக்குறையின் குரலாகவே ஒலித்தன.

அரசுத் தரப்பு வேறொரு சித்திரத்தை முன்வைத்தது. மார்ட்டினின் துப்பாக்கி உரிமம் 1994-லேயே ரத்து செய்யப்பட்டிருந்தது. தன் பழத்தோட்டத்தில் கண்ட ஒருவரின் வாகனத்தை அவர் சுட்டதே அதற்குக் காரணம். அப்படியிருக்க, இந்த நிகழ்வில் அவர் பயன்படுத்திய துப்பாக்கி உரிமமே இல்லாதது. அவர் அஞ்சிச் சுடவில்லை, ஆயுதத்தோடு காத்திருந்து சுட்டார் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அவர் எங்கே நின்று சுட்டார், மாடிப்படியிலிருந்தா, கீழ்த்தளத்திலிருந்தா என்பது வழக்கின் முக்கியமான சர்ச்சையானது.

2000 ஏப்ரலில் நாரிச் நகர நீதிமன்றத்தின் ஜூரி, 10-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. இங்கிலாந்தில் கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம். நீதிபதிக்கு வேறு வழியில்லை. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. 2001 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. ஆனால், தற்காப்பு வாதத்தை ஏற்று அல்ல. அந்த வாதத்தை அது மீண்டும் நிராகரித்தது. மார்ட்டினுக்குத் தீவிரமான ஆளுமைக் கோளாறு இருந்தது என்ற மருத்துவச் சான்றை ஏற்று, மனப்பொறுப்பு குறைந்த நிலையில் செய்யப்பட்ட மரணம் என்று குற்றத்தைக் குறைத்தது. ஆயுள் தண்டனை ஐந்தாண்டுச் சிறையானது. 2003 ஜூலையில் அவர் விடுதலையானார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. விடுதலைக்கு வழிவகுத்தது ‘வீட்டைக் காக்கும் உரிமை’ அல்ல, மனநலக் குறைபாடு. வீட்டு உரிமையாளர் என்ற நிலையில் அவர் எந்த நீதிமன்றத்திலும் வெல்லவில்லை. மக்களின் நினைவில் பதிந்த கதையும் தீர்ப்பில் எழுதப்பட்ட காரணமும் வெவ்வேறானவை.

சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள்

‘ஒருவனது வீடு அவனது கோட்டை’ என்ற கருத்து ஆங்கிலச் சட்டத்தில் மிகப் பழையது. 1604-ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கிலிருந்தே அது எடுத்தாளப்படுகிறது. எனினும், கோட்டைக்குள் இருப்பவன் நினைத்தபடி கொல்லலாம் என்று அந்நாட்டுச் சட்டம் எப்போதும் சொன்னதில்லை. தற்காப்பு என்று ஒருவர் கூறும்போது அது இரண்டு கேள்விகளைக் கேட்கிறது.

முதல் கேள்வி: வலிமையைப் பயன்படுத்துவது தேவை என்று அவர் உண்மையாகவே நம்பினாரா? அந்த நம்பிக்கை தவறாக இருந்தாலும் பரவாயில்லை. உண்மையானதாக இருந்தால் போதும். வந்தவரின் கையில் இருந்தது கைவிளக்குதான் என்பது பிறகு தெரியவந்தாலும், அந்தக் கணத்தில் அது துப்பாக்கி என்று அவர் நம்பியிருந்தால் அந்த நம்பிக்கையை வைத்தே சட்டம் அவரை மதிப்பிடும்.

இரண்டாவது கேள்வி: அவர் நம்பிய சூழ்நிலையில், பயன்படுத்திய வலிமை நியாயமான அளவுடையதா? இதற்கு விடை சொல்வது அவரது மனம் அல்ல; பொதுவான மனிதரின் அளவுகோல். 1971-இல் ஜமைக்காவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு வந்த பாமர் வழக்கில், தாக்குதலின் நடுவே இருப்பவர் தன் எதிர்வினையைத் துல்லியமாக எடைபோட முடியாது என்பது ஏற்கப்பட்டது. ஆகவே அளவுகோல் கடுமையானதன்று. ஆனாலும் அளவுகோல் ஒன்று உண்டு.

மார்ட்டின் இடறியது இந்த இரண்டாவது கேள்வியில்தான். தன் மனக்கோளாற்றின் காரணமாக ஆபத்தை அவர் மிகப் பெரிதாகக் கண்டிருக்கலாம். ஆனால் வலிமையின் நியாயத்தை அளக்கும்போது அதைக் கணக்கில் கொள்ள முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. விதிவிலக்கான சூழல் இருந்தால் மட்டுமே அப்படிச் செய்யலாம் என்றது.

இன்னொரு சிக்கலும் அந்நாட்டுச் சட்டத்தில் இருந்தது. தற்காப்புக்காகச் சுட்டவர் எல்லையைச் சற்று மீறினாலும், மிகவும் மீறினாலும், முடிவு ஒன்றே: கொலை. வட அயர்லாந்தில் பணியாற்றிய கிளெக் என்ற ராணுவ வீரரின் வழக்கில் 1995-இல் பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. முழு விடுதலை அல்லது ஆயுள் தண்டனை, இடைப்படி கிடையாது. மார்ட்டினின் வழக்கறிஞர்கள் மருத்துவச் சான்றின் பக்கம் திரும்ப வேண்டியிருந்ததன் காரணம் இதுவே.

மக்கள் கோரியதும் சட்டம் தந்ததும்

மார்ட்டின் வழக்கின் தாக்கம் நாடாளுமன்றம்வரை சென்றது. காயமடைந்த திருடர், மார்ட்டினிடம் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். பின்னர் அதைக் கைவிட்டார். ஆனால் ‘திருட வந்தவனுக்கு இழப்பீடா?’ என்ற கோபத்தின் பின்னணியில், குற்றம் செய்யும்போது காயமடைந்தவர் நீதிமன்ற அனுமதியின்றி அத்தகைய வழக்கைத் தொடுக்க முடியாது என்று 2003-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் கட்டுப்பாடு விதித்தது. பிபிசி வானொலி தன் நேயர்களிடம் ‘எந்தச் சட்டம் வேண்டும்?’ என்று நடத்திய வாக்கெடுப்பில், வீட்டைக் காக்க எந்த வழியையும் கையாளும் உரிமை வேண்டும் என்ற யோசனை முதலிடம் பெற்றது.

2008 செப்டம்பரில் நடந்த இன்னொரு நிகழ்வு விவாதத்துக்கு வேகம் கூட்டியது. ஹை விக்கம் நகரில் ஒரு தொழிலதிபரின் குடும்பத்தை முகமூடிக் கொள்ளையர்கள் கட்டிப்போட்டனர். தப்பித்த அவர், தம் சகோதரரோடு கொள்ளையர்களைத் துரத்திச் சென்று, தெருவில் சிக்கிய ஒருவரைக் கிரிக்கெட் மட்டையால் மூளை பாதிக்கும் அளவுக்கு அடித்தார். 2009 இறுதியில் அவருக்கு 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் கருணை காட்டித் தண்டனையை நிறுத்திவைத்தது. ஆனால் குற்றத்தீர்ப்பு நீங்கவில்லை. ஆபத்து அகன்ற பிறகு துரத்திச் சென்று அடிப்பது தற்காப்பு ஆகாது, பழிவாங்கல் என்பதே அதன் பொருள்.

இறுதியாக 2013-இல் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவர்மீது வீட்டிலிருப்பவர் பயன்படுத்தும் வலிமை ‘மிக மோசமாக அளவு மீறியதாக’ இருந்தால் மட்டுமே அது தானாகவே குற்றமாகும் என்றது புதிய விதி. மற்ற இடங்களில் வெறும் அளவு மீறலே போதும். ஆனால் 2016-இல் உயர் நீதிமன்றமும் 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒன்றைத் தெளிவுபடுத்தின: மிக மோசமாக மீறவில்லை என்பதாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது, நியாயமா என்ற கேள்வி அப்போதும் ஜூரியின் முன் இருக்கும். ‘எந்த வழியிலும்’ என்ற மக்கள் கோரிக்கைக்குச் சட்டம் பாதி வழிதான் வந்தது. அதுவே சரியான இடம் என்பது என் கருத்து.

சுடுவது எப்போது நிற்க வேண்டும்?

வீட்டு உரிமையாளருக்கு உலகிலேயே பரந்த பாதுகாப்பைத் தருபவை அமெரிக்க மாநிலச் சட்டங்கள். ஆனால் அங்கும் எல்லை உண்டு என்பதற்கு மினசோட்டா மாநிலத்தின் லிட்டில் ஃபால்ஸ் நகரில் 2012-இல் நடந்த நிகழ்வு சான்று. பைரன் ஸ்மித் என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வீட்டில் ஆளில்லை என்று தோன்றும்படி தன் வண்டியை வேறிடத்தில் நிறுத்திவிட்டு, நிலவறையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். திருட வந்த 17 வயதுச் சிறுவனையும் 18 வயதுப் பெண்ணையும் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டார். விழுந்த பிறகும் சுட்டார். அன்று அவர் காவல் துறைக்குத் தகவல் தரவில்லை. மறுநாள்தான் செய்தி வெளிவந்தது. எல்லாம் அவரே வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது. 2014-இல் ஜூரி அவரைத் திட்டமிட்ட கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தது; பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

வந்தவர்கள் திருடர்கள் என்பதில் அந்த வழக்கில் எவருக்கும் ஐயமில்லை. அவருக்கு முன்பும் அங்கே திருட்டு நடந்திருந்தது. முதல் குண்டை மட்டும் சுட்டிருந்தால் அவர் ஒருவேளை தண்டனையின்றி வீடு திரும்பியிருக்கலாம். எதிரி இனி தீங்கு செய்ய இயலாது என்ற நிலை வந்த கணத்தில் தற்காப்புரிமை முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் குண்டு தண்டனையைத் தானே வழங்குகிற குண்டு. அந்த அதிகாரத்தைச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் தரவில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் நிலை வாசகர்கள் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். மெக்காலேயின் சட்ட ஆணையம் வரைந்து, 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், தற்காப்புரிமையை 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் விரிவாக எழுதிவைத்தது. ஆட்சி செய்த நாட்டில் நீதிமன்றத் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்த சட்டம், ஆளப்பட்ட நாட்டில் தெளிவான பிரிவுகளாக வகுக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இவற்றை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதன்படி, ஒருவர் தன் உடலையும் உடைமையையும் மட்டுமல்ல, பிறரது உடலையும் உடைமையையும் காக்க உரிமை பெற்றவர். பக்கத்து வீட்டுப் பாட்டியின் சங்கிலியை அறுப்பவனைத் தடுப்பதும் இந்த உரிமைக்குள் அடங்கும். எல்லாச் சூழலிலும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இந்த உரிமை நீளாது. உடலைக் காக்க அது எப்போது நீளும் என்பதைப் பிரிவு 38 சொல்கிறது: மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்றவை நேரும் என்ற நியாயமான அச்சம் இருக்கும்போது.

உடைமையைக் காக்க எப்போது நீளும் என்பதைச் சொல்வது பிரிவு 41. நான்கு சூழல்களை அது பட்டியலிடுகிறது. ஒன்று, கொள்ளை. இரண்டு, சூரிய அத்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் வீட்டை உடைத்துப் புகுதல். நம் காவல் நிலையப் பதிவேடுகள் ‘இரவுக் கன்னக்களவு’ என்று குறிக்கும் குற்றத்தின் முதற்படி இதுவே. மூன்று, குடியிருக்கும் கட்டடத்துக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல் அல்லது வெடிபொருள் வைத்தல். நான்கு, மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் வகையில் நடைபெறும் திருட்டு, சேதம் விளைவித்தல் அல்லது வீட்டுக்குள் அத்துமீறல்.

இரண்டாவது சூழலை உற்றுநோக்குங்கள். இரவில் சுவரேறிக் குதித்தோ, பூட்டைத் திறந்தோ, கதவை உடைத்தோ ஒருவன் வீட்டுக்குள் புகுந்தால், அவன் கையில் ஆயுதம் இருந்ததா என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. இருட்டில் வந்தவனின் முகமும் தெரியாது, கையில் இருப்பதும் தெரியாது, எண்ணமும் தெரியாது; அந்த அறியாமையின் சுமையை வீட்டுக்காரர்மீது ஏற்றக் கூடாது என்பதே இதன் தர்க்கம். அத்துமீறல் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும் என்கிறது பிரிவு 43. பகலில் அதே ஆள் அதே வழியில் வந்தால் நிலை வேறு. உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் இல்லாவிட்டால், உயிரிழப்பைத் தவிர்த்த பிற தீங்கை விளைவிக்கவே உரிமை உண்டு.

உரிமையின் வேலிகள்

இவ்வளவு பரந்த உரிமைக்குப் பிரிவு 37 வேலி அமைக்கிறது. இந்தப் பிரிவைப் படிக்காமல் மற்றவற்றைப் படிப்பது ஆபத்து. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. பிரிவு 41-இன் சூழல்களுக்கும் இந்த வேலி பொருந்தும். வந்தவன் கைகளைத் தூக்கிச் சரணடைந்த பிறகோ, கட்டிப்போட்ட பிறகோ, மயங்கி விழுந்த பிறகோ அவனைத் தாக்கினால் அது தற்காப்பல்ல. ஊர் கூடித் திருடனை மின்கம்பத்தில் கட்டி அடித்துக் கொல்லும் நிகழ்வுகள் எதற்கும் இந்தப் பிரிவுகளில் இடமில்லை.

பொறி வைப்பதும் தற்காப்பில் சேராது. பீகாரிலிருந்து வந்த செருபின் கிரிகோரி வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. தன் கழிப்பறையை அண்டை வீட்டார் பயன்படுத்துவதைத் தடுக்க, அதில் மின்சாரம் பாயும் கம்பியைப் பொருத்தினார் ஒருவர். ஒரு பெண் அதில் சிக்கி இறந்தார். வந்தவர் அத்துமீறி நுழைந்தவர்தானே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனையை உறுதிசெய்தது. காட்டுப்பன்றிக்கு என்று வயல்வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுபவர்கள் அறிய வேண்டிய தீர்ப்பு இது. கம்பிக்கு அச்சமும் இல்லை, நிதானமும் இல்லை. திருடனையும் வழிதவறிய குழந்தையையும் அது பிரித்தறியாது.

துப்பாக்கிக்கும் இது பொருந்தும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பது தனிக் குற்றம். சுட்டது தற்காப்புக்காகவே என்று நீதிமன்றம் ஏற்றாலும், ஆயுதம் எப்படி வந்தது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்தின் தராசு

நம் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையைக் கஞ்சத்தனத்தோடு அளந்ததில்லை. 1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் வகுப்புக் கலவரம் மூண்டது. அம்ஜத் கான் என்ற கடைக்காரரின் சகோதரர் கடை சூறையாடப்பட்டது. இரு கடைகளுக்கும் நடுவே சுவரில் இருந்த ஒரு திறப்பு வழியாக அவரது தாயார் ஓடிவந்து, கூட்டம் உள்ளே புகுந்துவிட்டதாகச் சொன்னார். வெளியே கூட்டத்தினர் தடிகளால் அவரது கடைக் கதவை அடித்துக்கொண்டிருந்தனர். அவர் இருமுறை சுட்டார். ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். கீழமை நீதிமன்றங்கள் தண்டித்தன. 1952-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. கதவு உடையும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய தருணங்களைப் பொன் எடைபோடும் தராசில் நிறுக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் இக்கோட்பாடுகளைத் தொகுத்துத் தந்தது. உண்மையான ஆபத்து வேண்டியதில்லை, நியாயமான அச்சம் போதும். தாக்கப்படுபவர் தன் எதிர்வினையைப் படிப்படியாக அளந்து செலுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்பு என்று வாய்திறந்து சொல்லாவிட்டாலும், சான்றுகளில் அது தென்பட்டால் நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம். ஐயத்துக்கு இடமின்றி அதை அவர் நிரூபிக்கவும் வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும்.

நம் சட்டத்தின் இன்னொரு சிறப்பை இங்கே சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு தற்காப்புரிமையைப் பயன்படுத்தும் ஒருவர், முன்திட்டமின்றியும், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமின்றியும் எல்லையைத் தாண்டி உயிர்ப்பலிக்குக் காரணமாகிவிட்டால், அது கொலை ஆகாது. கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்ற குறைந்த குற்றமாகும். இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லாதிருந்த இடைப்படி இதுவே. முழு விடுதலைக்கும் ஆயுள் தண்டனைக்கும் நடுவே, மனித பலவீனத்துக்கு நம் சட்டம் ஒரு படி வைத்திருக்கிறது.

மார்ட்டின் நம் நாட்டு நீதிமன்றத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேரம் இரவு, நுழைந்தது ஜன்னல் வழியே, சுட்டபோது அவர்கள் வீட்டுக்குள் இருந்தனர். பிரிவு 41-இன் கதவு அவருக்குத் திறந்திருக்கும். ஆனால் முதுகில் பாய்ந்த குண்டு பிரிவு 37-இன் கேள்வியை எழுப்பும்: ஓட முயன்றவனைச் சுடுவது தேவைதானா? இருட்டில் அது தெரிந்திருக்குமா? அவர் காத்திருந்து சுட்டார் என்பது நிரூபிக்கப்பட்டால் நல்லெண்ணம் என்ற வாதம் சரியும். இல்லையேல் விடுதலையோ குறைந்த தண்டனையோ கிடைத்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. உரிமமற்ற துப்பாக்கிக்கான தண்டனை எப்படியும் தப்பாது.

சட்டம் தீர்க்க முடியாதது

அப்படியானால் சாமானியர் ஏன் அஞ்சுகிறார்? உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நிலைநாட்டும் இடம் நீதிமன்றம். இடையில் முதல் தகவல் அறிக்கை, கைது, ஜாமீன், ஆண்டுக் கணக்கில் வாய்தா. அம்ஜத் கானுக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் அவர் உச்ச நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்தது. ஓர் உயிர் போயிருக்கும்போது வழக்குப் பதிவதும் புலன்விசாரிப்பதும் தவிர்க்க முடியாதவை; தவிர்க்கவும் கூடாது. இறந்தவனின் தரப்பைப் பேச அவன் உயிரோடு இல்லை. ஆனால் தற்காப்பு என்பது சான்றுகளில் தெளிவாகத் தெரியும்போது, விசாரணைக் கட்டத்திலேயே அதைப் பதிந்து, விரைந்து முடிவெடுக்கும் துணிவு காவல் அதிகாரிகளுக்கு வேண்டும். எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிடுவது, சட்டம் தந்த உரிமையை நடைமுறையில் பறிப்பதாகும்.

2019 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் கடையம் அருகே ஒரு முதிய தம்பதியர், அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர்களை நாற்காலிகளையும் செருப்புகளையும் வீசி விரட்டினர். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. சுதந்திர தின விழாவில் அவர்களுக்கு மாநில அரசு வீரதீரச் செயலுக்கான விருது வழங்கியது. அவர்களின் துணிவைப் போற்றும்போது, அவர்களுக்கு அந்த நிலை ஏன் வந்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும். தோட்டத்து வீடுகளிலும் ஊர்க்கோடி வீடுகளிலும் முதியவர்கள் தனித்து வாழ்கின்றனர். பிள்ளைகள் வெளியூரில். காவல் நிலையம் பல மைல் தொலைவில். எம்னெத் ஹங்கேட்டின் மனக்குறையும் இதுதான். இரவு ரோந்தும், அழைத்த நேரத்தில் வந்துசேரும் காவலரும் இருக்குமிடத்தில் துப்பாக்கியின் தேவை தானாகவே குறைகிறது. அரசு தன் கடமையில் தவறும்போதுதான் ‘எந்த வழியிலும்’ என்ற முழக்கத்துக்கு வலிமை கூடுகிறது.

அந்த முழக்கத்துக்கு இணங்கி நம் சட்டத்தை மேலும் தளர்த்த வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. இருட்டில் அசையும் உருவம் எப்போதும் திருடனாக இருப்பதில்லை. வெளியூரிலிருந்து சொல்லாமல் வந்த மகனாகவோ, மதுபோதையில் வீடு மாறி வந்தவனாகவோ, மனநிலை பிறழ்ந்த அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். திருடனாகவே இருந்தாலும், நம் சட்டத்தில் திருட்டுக்கு மரண தண்டனை இல்லை. நீதிபதியே விதிக்க முடியாத தண்டனையை வீட்டுக்காரர் நிறைவேற்றுவதற்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: வேறு வழியில் உயிர் தப்ப முடியாது என்ற அச்சம். அந்த அச்சத்தைச் சட்டம் மதிக்கிறது. இரவின் இருட்டையும் மனத்தின் பதற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அச்சம் தீர்ந்த பிறகும் ஓங்கிய கையை மட்டுமே அது மன்னிப்பதில்லை. வீட்டைக் காக்கும் குடிமகனுக்கும் வீட்டுக்குள் வந்துவிட்ட 16 வயதுச் சிறுவனுக்கும் ஒரே நேரத்தில் பொறுப்பேற்கும் சட்டம் அந்த இடத்தில்தான் கோடு கிழிக்க முடியும்.